ரிக்கார்டர் வாசித்துப் பெரியவர் ஆனவர் யார்?

சென்ற ஆண்டு விழாவன்று மேடைக்குப் பின்னால் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். ஏழாம் வகுப்புத் தங்கைகள் இருபது பேர் ரிக்கார்டரில் இரண்டு பாட்டுகளை வாசித்து முடித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்தியை அழைத்துப்போக வந்திருந்த பெரியவர் ஒருவர், அவள் கையிலிருந்த குழலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நன்றாகத்தான் இருந்ததம்மா. ஆனால் இந்தப் பிளாஸ்டிக் ஊதலை வாசித்து உலகத்தில் யார் பெரியவர் ஆகியிருக்கிறார்கள்? அடுத்த வருஷம் கீபோர்டு கற்றுக்கொள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் குழலை உறையில் போட்டுக்கொண்டாள். திரைச்சீலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எங்களுக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்களும் ஏழாம் வகுப்போடு ரிக்கார்டரை விட்டுவிட்டவர்கள்தாமே!

இப்போது பதில் தெரியும். ஓராண்டு தாமதமானாலும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டில் "ரிக்கார்டர் கிளாஸ்" என்று சொன்னால் பாட்டிமார் டேப் ரிக்கார்டரை நினைத்துக்கொள்கிறார்கள். எங்களில் ஒருத்தியின் பாட்டி, "பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதாதா, அதற்கு ஒரு வகுப்பா?" என்று கேட்டே விட்டாராம். இது அதுவன்று. வாயில் நேராக வைத்து ஊதும் குழல் இது. மேல் முனை பறவையின் அலகு போல் இருக்கும். அதற்குள் ஒரு கட்டை அடைப்பு. ஊதும் காற்று ஒரு குறுகிய சந்தின் வழியாகப் போய்க் கூரிய விளிம்பில் மோதுவதால் ஒலி பிறக்கிறது. விரல்களுக்கு முன்புறம் 7 துளைகள், இடது கட்டைவிரலுக்குப் பின்புறம் 1 துளை. திருவிழாக்களில் பலூன்காரர் கூடையில் செருகி விற்கும் மூங்கில் ஊதுகுழலும் இதே வம்சந்தான். ரிக்கார்டர் என்ற பெயர், நினைவுகூர்தல், திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுதல் என்ற பொருளுடைய பழைய சொல்லிலிருந்து வந்தது. நம் வழக்கில் சொன்னால் 'பாடம் பண்ணுதல்'. பத்தாம் வகுப்புக்கு மிகவும் பொருத்தமான வாத்தியம் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். யார் வாசித்தார்கள்?

அரசர் வாசித்தார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1547இல் இறந்தபோது அவருடைய உடைமைகளைக் கணக்கெடுத்தார்கள். அந்தப் பட்டியலில் ரிக்கார்டர்கள் மட்டும் 76 இருந்தன. அவர் நம் திருச்சபைக்குச் செய்ததையும் தம் மனைவியருக்குச் செய்ததையும் நாங்கள் சரித்திர வகுப்பில் படித்திருக்கிறோம். ஆகவே அவரை முன்மாதிரியாகக் காட்டவில்லை. சிஸ்டர்கள் மன்னிக்க வேண்டும். குழலைப் பொறுத்தமட்டில் அவருக்கு நல்ல ரசனை இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ் என்பவர் 1668ஆம் ஆண்டு லண்டனில் ஒரு நாடகம் பார்க்கப் போனார். வேதசாட்சியான புனித டொரோத்தியாவின் கதை அது. வானதூதர் இறங்கி வரும் காட்சியில் ஊதப்பட்ட குழலோசை அவரை அப்படியே மயக்கிவிட்டது. சில வாரங்களுக்குள் கடைக்குப் போய் ஒரு ரிக்கார்டர் வாங்கினார். தாம் கற்பதோடு மனைவிக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதியிருப்பது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

எங்களைக் கவர்ந்த இன்னொருவர் ஹாலந்து தேசத்து யாக்கோப் வான் ஐக். பார்வையற்றவர். ஊட்ரெக்ட் நகரத்தில் கோவில் மணிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார். மாலையில் கோவில் தோட்டத்தில் உலாவ வருவோருக்குத் தம் சிறு குழலை வாசித்துக் காட்டுவார். அதற்காகவே 1649இல் அவருடைய சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 கில்டராக உயர்த்தினார்கள். அவர் வாசித்த ராகங்கள் புத்தகமாக அச்சாகி இன்றுவரை மாணவர்கள் கையில் இருக்கின்றன. நடந்து போகிறவர்களுக்கு வாசித்துச் சம்பள உயர்வு வாங்கியவர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆனால் நம் பள்ளி போன்ற ஒரு பள்ளியில் அதிகம் பேச வேண்டிய பெயர் விவால்டி. அந்தோனியோ விவால்டி ஒரு கத்தோலிக்கக் குரு. 1703இல் குருப்பட்டம் பெற்ற அதே ஆண்டில் வெனிஸ் நகரத்தில் பியெத்தா என்ற இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அது கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லம். அங்கிருந்த பெண் பிள்ளைகளில் இசை வருபவர்களைத் தேர்ந்து பயிற்றினார்கள். பாட்டும் அவர்களே, வயலினும் அவர்களே, செல்லோவும் குழலும் ஓபோவும் அவர்களே. கோவில் மாடத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள்; கேட்பவர்களுக்கு முகம் தெரியாது. ஆனாலும் ஐரோப்பாவின் பல தேசங்களிலிருந்து பெரிய மனிதர்கள் பயணம் செய்து வந்து அவர்கள் வாசிப்பைக் கேட்டுப் போனார்கள். தாய் தகப்பன் பெயர் தெரியாத பெண்கள், எங்கள் வயதுப் பெண்கள்! விவால்டி சிறிய ரிக்கார்டருக்காக எழுதிய கான்செர்ட்டோக்களை இன்று கேட்டாலும் விரல்கள் எப்படி அந்த வேகத்தில் ஓடுகின்றன என்று வியப்பாக இருக்கிறது. எங்கள் இசை ஆசிரியை அவற்றில் ஒன்றைப் போட்டுக் காட்டியபோது, வகுப்பில் ஒருத்தி கூட அது ரிக்கார்டர் என்று நம்பவில்லை. அதே காலத்தவரான பாக், 1721இல் காணிக்கையாக்கிய பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களில் நான்காவதில் இரண்டு ரிக்கார்டர்களை முன்னால் நிறுத்தினார்.

அப்படிப்பட்ட வாத்தியம் பிறகு ஏன் மறைந்தது? நியாயமான கேள்வி. அரங்குகள் பெரிதாயின, இசைக்குழுக்களும் பெரிதாயின. ரிக்கார்டரின் ஓசை மென்மையானது. பலமாக ஊதினால் சுருதி ஏறிவிடும். மெல்ல ஊதினால் இறங்கிவிடும். ஏற்ற இறக்கம் காட்டப் பக்கவாட்டுக் குழல்தான் வசதி. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரிக்கார்டர் பெட்டிக்குள் போயிற்று. அதை மறுபடி வெளியே எடுத்தவர் அர்னால்டு டோல்மெட்ஷ். பழைய வாத்தியங்களைத் தேடிச் சேர்த்தவர். 1919இல் லண்டன் வாட்டர்லூ இரயில் நிலையத்தில், அவருடைய சிறு மகன் கார்ல், அப்பாவின் அருமையான பழைய ரிக்கார்டர் இருந்த பையை மேடையில் மறந்து வைத்துவிட்டான். வேறு வழியின்றி டோல்மெட்ஷ் தாமே ஒன்று செய்யத் தொடங்கினார். அதிலிருந்துதான் இக்காலத்து ரிக்கார்டர்கள் பிறந்தன. பையைத் தொலைத்த மகன் கார்ல் பிற்காலத்தில் பெயர்பெற்ற ரிக்கார்டர் வித்துவான் ஆனார். எங்கள் வகுப்பில் பென்சில் பெட்டி தொலைப்பவர்களுக்கு இது சிறிது ஆறுதல். 1930களில் எட்கர் ஹன்ட் போன்றவர்கள் அதைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக்கில் வார்க்கத் தொடங்கியதும் விலை குறைந்து உலகமெங்கும் குழந்தைகள் கைக்கு வந்தது.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இக்காலத்துப் பெயர்களும் உண்டு. ஹாலந்தின் பிரான்ஸ் புரூகன் (1934 – 2014) ரிக்கார்டரைக் கச்சேரி மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். டென்மார்க்கின் மிக்காலா பெட்ரி 1958இல் பிறந்தவர். மூன்று வயதில் தொடங்கி, 1969இல் பதினொரு வயதில் கோபன்ஹேகன் நகரத்துத் திவோலி அரங்கில் தனி வாசிப்பு வாசித்தார். 1999இல் பிறந்த லூசி ஹோர்ஷ் ஒன்பது வயதில் டச்சுத் தொலைக்காட்சியில் வாசித்தே தேசமெங்கும் தெரிந்தவரானார். இவர்கள் இருவரும் பெண்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லி வைக்கிறோம். அண்ணன்மார் கேட்கும் ஆங்கிலப் பாட்டுகளிலும் இது உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1967இல் வந்த ஒரு பாட்டில் தாமே வாசித்திருக்கிறார். லெட் ஸெப்பலின் குழுவின் 1971ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற பாட்டின் தொடக்கத்தில் கிதாரோடு கேட்பதும் ரிக்கார்டர்கள்தாம்.

"இவர்கள் எல்லாரும் வெளிநாட்டார், நம்மவர் யார்?" என்று அந்தப் பெரியவர் திருப்பிக் கேட்கக்கூடும். கேட்டால் அதிலும் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்வோம். நம் கச்சேரி மேடை புல்லாங்குழலின் இடம். அதற்குக் காரணமும் உண்டு. நம் இசைக்கு உயிர் கமகம். பக்கவாட்டில் பிடிக்கும் மூங்கில் குழலில் உதட்டாலும் விரலாலும் ஸ்வரத்தை வளைக்கலாம், அசைக்கலாம். ரிக்கார்டரில் காற்று போகும் வழி ஒரே கோணத்தில் அமைந்துவிட்டது. உதட்டுக்கு வேலை இல்லை, விரலைச் சறுக்கித்தான் ஏதாவது செய்ய வேண்டும். நாங்களே சோதித்துப் பார்த்தோம். மோகனத்தின் ஆரோகணம் அவரோகணம் சி, டி, ஈ, ஜி, ஏ என்று கைக்கு அடக்கமாக வந்துவிடுகிறது. தோடியைத் தொட்டோம், பூனை கத்தியது.

குழலைப் பற்றிய கட்டுரை என்றால் வள்ளுவரில் தொடங்குவது வழக்கம். எல்லாரும் தொடங்கிவிட்டபடியால் நாங்கள் சிலப்பதிகாரத்துக்குப் போகிறோம். அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழல் செய்யத்தக்க பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்தைக் காட்டுகிறார். மூங்கில்தான் குழல், மற்றவை ஊதல் என்று அவர் ஒதுக்கவில்லை. பிளாஸ்டிக்கை அவர் கண்டதில்லை. கண்டிருந்தால் ஆறாவதாகச் சேர்த்திருப்பார் என்று வாதாட எங்களில் சிலர் தயார்.

நம் புல்லாங்குழலுங்கூட ஒரு காலத்தில் தனிக் கச்சேரிக்கு உரிய வாத்தியமாக மதிக்கப்படவில்லை. அதை மேடையின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் கும்பகோணத்துச் சரப சாஸ்திரி (1872 – 1904). சிறு பிராயத்திலேயே கண் பார்வை போனவர். முப்பத்திரண்டு வயதுக்குள் வாழ்க்கையும் முடிந்துவிட்டது. ஹாலந்தில் ஒரு பார்வையற்றவர், கும்பகோணத்தில் ஒரு பார்வையற்றவர் என்று எண்ணும்போது எங்களுக்கு மனம் நெகிழ்ந்தது. அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அந்த வழியை வளர்த்தார். பிறகு வந்தார் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம் (1926 – 1986). திருவிடைமருதூர்க்காரர். ஏழு வயதில், 1933இல், மயிலாப்பூரில் முதல் கச்சேரி. குழலைப் பிடிக்கும் விதத்தையும் ஊதும் விதத்தையும் விரல் வைக்கும் விதத்தையும் மாற்றி, வாய்ப்பாட்டைப் போலவே குழலைப் பேச வைத்தார். "குழல் இவ்வளவுதான்" என்று எல்லாரும் முடிவுகட்டிய பிறகு ஒரு சிறுவன் வந்து அப்படியில்லை என்று காட்டினான். அவரைப் பின்பற்றி என். ரமணி (1934 – 2015) குழலை உலகமெங்கும் கொண்டுபோனார்.

மூச்சு வாத்தியம் பெண்களுக்கு ஆகாது என்று சொல்வோருக்குச் சிக்கல் சகோதரிகளைக் காட்டலாம். அக்காள் குஞ்சுமணி, தங்கை நீலா. குடும்பத்திலேயே இசை இருந்தது. தகப்பனார் மிருதங்க வித்துவான். இருவரும் சேர்ந்து பல ஆண்டுகள் குழல் வாசித்து, 2002இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதையும் 2004இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார்கள். நீலாவின் மகள் மாலா சந்திரசேகரும் குழல் கலைஞரே. எங்களுக்குள் அக்காள் தங்கையாக இதே பள்ளியில் படிப்பவர்கள் பலர் இருக்கிறோம். வீட்டில் ரிமோட்டுக்குத்தான் சண்டை நடக்கிறது.

வெளிநாட்டு வாத்தியம் நமக்கு ஒட்டாது என்பதும் சரியன்று. வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை எடுத்து நம் இசைக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரி உண்டா? கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும், மாண்டலினை உ. ஸ்ரீநிவாஸும் நம்முடையதாக்கினார்கள். ஸ்ரீநிவாஸ் அதைச் செய்தபோது அவர் சின்னப் பையன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒருவர் வர வேண்டியிருந்தது, வந்தார்கள். ரிக்கார்டருக்கு இன்னும் வரவில்லை. வரப்போகிறவள் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கக் கூடாதா?

இங்கேதான் எங்கள் மனக்குறையைச் சொல்ல வேண்டும். நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் ரிக்கார்டர் கொடுக்கிறார்கள். முதல் மாதம் பி, ஏ, ஜி என்ற மூன்று ஸ்வரங்களோடு கழிகிறது; விடுதி முழுவதும் காதைப் பொத்திக்கொள்கிறது. ஆறாம் வகுப்பில் நாக்கால் 'து து' என்று தட்டி ஊதப் பழகுகிறோம். ஏழாம் வகுப்பில்தான் கேட்கும்படியான ஒலி வருகிறது. அப்போது வாத்தியத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எட்டாம் வகுப்பு முதல் இசைப் பாடவேளை கணிதத்துக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. பழம் பழுக்கும் சமயத்தில் காப்பிச் செடியை வெட்டுவார் உண்டா? இப்போது ஐந்தாம் வகுப்பிலும் ரிக்கார்டரை நிறுத்திவிட்டுக் கீபோர்டு வைக்கலாம் என்று சில பெற்றோர் யோசனை கூறுவதாகக் கேள்விப்படுகிறோம்.

கீபோர்டு மீது எங்களுக்கு விரோதம் இல்லை. ஆனால் அது பல ஆயிரம் ரூபாய். ரிக்கார்டர் சில நூறு ரூபாய். எங்கள் வகுப்பில் எஸ்டேட்டில் வேலை செய்பவர்களின் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு முதல் ஏழு வரை தினமும் மாலையில் காப்பிக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். ஸ்வரம் எழுதித் தராமலே, வானொலியில் கேட்ட சினிமாப் பாட்டை மறுநாள் வாசித்துக் காட்டுவாள். வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவள் வாசிக்கவில்லை. அவள் வீட்டில் கீபோர்டு வைக்க மேசையும் இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மலை முழுதும் மின்சாரம் போகும் இரவுகளிலும் ரிக்கார்டர் பாடும் என்பதை வேறு சொல்ல வேண்டுமா?

எங்கள் வேண்டுகோள் பெரிதன்று. மதர் அவர்களும் பெற்றோர்களும் தயவுசெய்து யோசிக்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஒன்பதாம் வகுப்பு வரை சனிக்கிழமை ஒரு மணி நேரம் வாசிக்க அனுமதி வேண்டும். ஏழாம் வகுப்பு முடிப்பவர்கள், வாங்க முடியாதவர்களாக இருந்தால், வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்க வேண்டும். சிறிய ரிக்கார்டர் மட்டும் இருபது சேர்ந்து ஒலித்தால் காது கூசுகிறது, நாங்களும் மறுக்கவில்லை. ஆல்ட்டோ இரண்டும் டெனோர் ஒன்றும் வாங்கினால் நாலு குரல் பாட்டுப் போல் கேட்கும். முடியுமானால் சேலத்திலிருந்து புல்லாங்குழல் ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை வரட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வர அவருக்கு மனம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விரல் பழகியவர்களுக்கு உதடு பழகுவது பாதி வேலை.

தேர்வு கெட்டுப்போகும் என்று அஞ்சுபவர்களுக்கு: ஏழாம் வகுப்பில் நாங்கள் ரிக்கார்டரும் வாசித்தோம், தேர்விலும் தேறினோம். இப்போது ரிக்கார்டர் இல்லை. அந்த நேரத்தில் நாங்கள் கணக்குப் போட்டோம் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஏரியிலிருந்து மூடுபனி மேலே ஏறி வந்து விளையாட்டுத் திடலை மூடியிருந்தது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் சவுக்கு மரங்களின் அடியில் வரிசையாக நின்று, ரிக்கார்டரின் தலைப் பாகத்தைக் கழற்றி ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். குளிரில் அப்படியே ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே படிந்து காற்று வழியை அடைத்துவிடும். இது ஏற்காட்டில் வாசிப்பவர்கள் முதல் வாரத்திலேயே கற்கும் பாடம். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆண்டு விழாவில் ஒன்றும் பேசாமல் குழலை உறையில் போட்டுக்கொண்ட அந்தத் தங்கையும் எங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போது எட்டாம் வகுப்பு. அவளுடைய ரிக்கார்டர் இசை அறை அலமாரியில் இரண்டாவது தட்டில், 14 என்று ஒட்டிய உறையில் இருக்கிறது.